டெபன் ஆற்றுவாய்: எந்த மணிக்கு நுழைவது?

நேயர்களுக்கு வணக்கம்.

பாய்மரப் படகை ஓர் ஆற்றுவாய்க்குள் கொண்டுபோவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில், ஹாரிச் துறைமுகத்துக்கு வடகிழக்கே ஐந்தாறு கடல் மைல் தூரத்தில் டெபன் என்ற ஆறு கடலில் சேர்கிறது. உள்ளே போய்விட்டால் வுட்பிரிட்ஜ் ஊர் வரை எட்டு ஒன்பது மைல் நீளத்துக்கு அலையில்லாத தண்ணீர். வாய் மட்டும் பொல்லாதது.

மேற்குக் கரையில் ஃபீலிக்ஸ்டோ ஃபெர்ரி, கிழக்குக் கரையில் போட்ஸி. நடுவில் குறுகலான ஓர் இடுக்கு. மேலே விரிந்து கிடக்கும் ஆற்றுக்குள் ஏறும் கடல்நீர் முழுக்க இந்த இடுக்கு வழியாகத்தான் நாளுக்கு இரண்டு முறை உள்ளே போக வேண்டும், இரண்டு முறை வெளியே வர வேண்டும். இடுக்குக்கு வெளியே நோல்ஸ் என்று அழைக்கப்படும் கூழாங்கல் திட்டுகள் இருக்கின்றன. குளிர்காலத்துப் புயல் ஒன்று போதும், திட்டின் வடிவமே மாறிவிடும். சென்ற வருடம் நன்றாகப் போன வழியில் இந்த வருடம் கீல் தட்டும். கீல் தெரியும் அல்லவா, படகின் அடியில் தொங்கும் கனமான தகடு. மணலில் தட்டினால் உரசிக்கொண்டு நிற்கும். கூழாங்கல்லில் அலையோடு சேர்ந்து தட்டினால் இடி இடியாக விழும், சுக்கானும் தப்பாது.

ஆகவே முதல் வேலை கரையிலேயே நடக்கிறது. ஆண்டுதோறும் இந்த வாயைப் புதிதாக அளந்து வரைபடம் வெளியிடுகிறார்கள், மிதவைகளையும் அதற்கேற்ப நகர்த்தி வைக்கிறார்கள். அந்த ஆண்டின் வரைபடம் கையில் இல்லாமல் போகக் கூடாது. ஜி.பி.எஸ். திரையில் தெரியும் வரைபடம் பழையதாக இருந்தால், திட்டின் மேலேயே படகு ஓடுவதாகக் காட்டும். அப்போது நம்ப வேண்டியது கண்ணில் படும் மிதவையை. இது பலருக்கு மனம் ஒப்பாத விஷயம். திரை அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

இனி நேரக் கணக்கு. கடல் ஏறுவதை ஏற்றம் என்றும் வடிவதை வற்றம் என்றும் சொல்கிறேன். சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஹாரிச் பக்கம் அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து இரண்டு நாளில் ஏறக்குறைய 3.5 மீட்டரைத் தொடும். அட்டமியை ஒட்டி வரும் தளர்ந்த நாட்களில் 2.3 மீட்டர் அளவில் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரைபடத்தில் திட்டின் மேல் 0.4 மீட்டர் ஆழம் என்று போட்டிருக்கிறது. கடல் கணிப்புப்படி எவ்வளவு தாழ முடியுமோ அந்த மட்டத்திலிருந்து அளந்த ஆழம் அது. அன்றைய தாழ்மட்டம் 0.5, உயர்மட்டம் 3.9. பாதி ஏற்றத்தில் கடல் மட்டம் 2.2. அதோடு 0.4 கூட்டினால் திட்டின் மேல் 2.6 மீட்டர் தண்ணீர். படகின் கீல் 1.6 மீட்டர் ஆழம் போகிறது என்றால் அடியில் ஒரு மீட்டர் மிச்சம். அலை 80 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அலைப்பள்ளத்தில் 40 போய்விடும், மிச்சம் 60. இது போதும். இதற்குக் கீழே போனால் நான் நுழையச் சொல்ல மாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தளர்ந்த நாளில் தாழ்மட்டம் 1.2, உயர்மட்டம் 3.3 என்று வைத்தால், பாதி ஏற்றத்தில் மட்டம் 2.25. அதாவது ஏறக்குறைய அதே அளவு. அதனால்தான் "பாதி ஏற்றத்துக்குப் பிறகு நுழை" என்ற விதி எந்த நாளுக்கும் பொருந்துகிறது. மாறுவது நீரோட்டத்தின் வேகம். பெருக்கு நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகும் நாட்களில், இந்த இடுக்கில் ஓட்டம் 5 நாட் வரை போகும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். சராசரிப் பாய்மரப் படகின் எஞ்சின் வேகமே 5, 6 நாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கணக்கில் மூன்று இடத்தில் சறுக்கும். ஏற்ற இறக்க நேர அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதை மறந்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்து திட்டில் ஏறியவர்கள் ஏராளம். அடுத்து காற்றழுத்தம். 1013 மில்லிபாருக்கு மேல் ஏறும் ஒவ்வொரு மில்லிபாருக்கும் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழும். வானம் தெளிந்து அழுத்தம் 1033 காட்டும் நல்ல நாளில் 20 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். மூன்றாவது, பலத்த தெற்குக் காற்று நாள் கணக்கில் வீசினால் வடகடலின் தென்பகுதியில் தண்ணீர் அட்டவணையை விடக் குறையும்.

ஏன் ஏற்றத்தில் நுழைய வேண்டும், உயர்மட்டத்துக்குப் பிறகும் ஆழம் இருக்கிறதே என்று கேட்கலாம். பெருக்கு நாளின் வற்றத்தில் நடு மணிகளில் பத்து நிமிடத்துக்கு 15 சென்டிமீட்டர் இறங்கும். தட்டி நின்றால், காரணம் யோசிப்பதற்குள் படகு சாய ஆரம்பித்துவிடும். ஏற்றத்தில் தட்டினால் சிறிது நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம் அலை. இந்த வாய் தென்கிழக்கே பார்த்திருக்கிறது. தெற்கிலிருந்து கிழக்கு வரை எந்தப் பக்கத்துக் காற்று பலமாக அடித்தாலும், வெளியே பாயும் வற்ற நீரோடு அலை மோதும். அலையின் இடைவெளி குறுகும், முகம் செங்குத்தாகும், திட்டின் மேல் உடையும்.

கடலிலிருந்து வருகிறவனுக்கு இது தெரியாது என்பதுதான் ஆபத்து. அவன் பார்ப்பது அலையின் முதுகை. அது வழவழவென்று சாதுவாகத் தெரியும். உடையும் முகம் கரையைப் பார்த்திருக்கிறது. தொலைநோக்கியில் பார்க்கும்போது அலை உச்சியிலிருந்து நுரை தூவானமாகப் பறந்தால், அங்கே உடைகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடைகிறது என்றால் அன்றைக்கு ஹாரிச்தான். பெரிய கப்பல்கள் போகும் ஆழமான துறைமுகம் அது, எந்த மணியிலும் நுழையலாம்.

நுழைவதா இல்லையா என்ற முடிவை, திட்டுகளுக்கு வெளியே கடலில் இருக்கும் வுட்பிரிட்ஜ் ஹேவன் மிதவையருகே எடுக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் நெடுக்குக் கோடுகளாக இருக்கும் மிதவை அது. சுற்றிலும் ஆழமான தண்ணீர், வட்டமடித்துக்கொண்டு காத்திருக்கலாம். எஞ்சினை அங்கேயே ஓட்டிச் சூடாக்கி, முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்த்துவிட வேண்டும். திட்டின் மேல் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் டீசல் தொட்டியே காரணம். அமைதியான நாட்களில் அடியில் படிந்து கிடக்கும் கசடு, படகு குலுங்கியதும் கலங்கி, ஃபில்டரை அடைத்துவிடும். சரியாக மிக மோசமான இடத்தில் எஞ்சின் இருமத் தொடங்கும். வருடத் தொடக்கத்தில் தொட்டியின் அடியை வடித்து, ஃபில்டரையும் மாற்றியவருக்கு இந்தக் கவலை பாதி குறையும்.

எஞ்சின் ஓடினாலும் பெரிய பாய் ஏறியே இருக்கட்டும். பின்காற்று என்றால் பாயின் அடிக்கட்டை திடீரென்று மறுபக்கம் வீசாதபடி முன்பக்கமாக ஒரு கயிறு கட்டிவிடலாம். முன்பாயைச் சுருட்டிவிட்டால் மிதவைகள் தெரியும். நங்கூரம் பூட்டவிழ்த்துத் தயாராக, 15 மீட்டர் சங்கிலி தடையில்லாமல் ஓடும்படி கிடக்க வேண்டும். அறைக்குள் இறங்கும் வாசலுக்குப் பலகை போட்டாயிற்றா, எல்லோரும் மிதவை அங்கி அணிந்தாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் சிறுபடகைக் கயிற்றில் இழுத்து வராதீர்கள். அலையில் அது உங்கள் மேலேயே ஏறும்.

மிதவையை விட்டு நகர்ந்ததும் முதல் சிக்கல் பக்கவாட்டு ஓட்டம். இந்தக் கரையோரம் ஏற்றம் தென்மேற்காக ஓடுகிறது. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அடுத்த மிதவைக்கு நேராக வைத்தால் படகு வளைந்து வளைந்து திட்டின் பக்கம் ஒதுங்கும். மிதவைக்குப் பின்னால் கரையில் அசையாத ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபீலிக்ஸ்டோ ஃபெர்ரி பக்கம் நெப்போலியன் காலத்து வட்டக் கோட்டைகள் இரண்டு நிற்கின்றன. போட்ஸி பக்கம் 1936-இல் ரேடார் ஆராய்ச்சி நடந்த மாளிகை. மிதவையும் பின்னால் உள்ள பொருளும் ஒரே கோட்டில் நின்றால் நேராகப் போகிறோம். பின்பொருள் வலப்பக்கம் விலகினால் நாமும் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டோம்; இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஒருவர் ஆழமானியை உரக்கப் படித்துக்கொண்டே இருக்கட்டும். ஆழம் குறைகிறது என்று பயந்து வேகத்தை முழுக்க விட்டால் சுக்கான் கேட்காது, நீரோட்டம் தன் விருப்பப்படி கொண்டுபோகும்.

பின்னாலிருந்து அலை வந்தால் அமரத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, அதற்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். அலை அமரத்தைத் தூக்கும்போது படகு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும்; திரும்பத் தொடங்கும் முன்பே சுக்கானால் திருத்த வேண்டும். திரும்பிய பிறகு திருத்துவது கடினம்.

தட்டிவிட்டால்? பாயைத் தளர்த்துங்கள், பின்கியர் போடுங்கள், ஆனால் நீண்ட நேரம் வேண்டாம். கலங்கிய மணலை எஞ்சின் குளிர்நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். ஏற்றம் படகை இன்னும் மேட்டுக்குத் தள்ளும் என்பதால், உடனே நங்கூரம் போட்டுப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏறக் காத்திருப்பதே மேல்.

இடுக்குக்குள் வந்ததும் வேலை முடியவில்லை. பின்னால் ஓட்டம் தள்ள, தரைக்கணக்கில் 8, 9 நாட் வேகத்தில், கட்டிப்போட்ட படகுகளின் நடுவே புகுந்திருப்பீர்கள். நடுவில் ஹார்ஸ் சாண்ட் என்ற திட்டும் உண்டு. குறுக்கே ஆள் ஏற்றும் சின்னப் படகும் ஓடும். அக்கரையில் யாராவது மட்டையை ஆட்டினால் அது கிளம்பிவிடும், உங்களுக்காக நிற்கும் என்று எண்ண வேண்டாம். படகைக் கட்டிப்போடும் கட்டுமிதவையைப் பிடிக்க வேண்டுமானால் அதைத் தாண்டிப் போய், இடம் பார்த்துத் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து மெல்ல வந்து பிடிக்க வேண்டும். ஓட்டத்தோடு வந்து கொக்கி மாட்டியவர் கையிலிருந்து கொக்கி போய்விடும், சில சமயம் ஆளும்.

வுட்பிரிட்ஜ் வரை போகிறவர்களுக்கு அங்கே உயர்மட்டம் வாயைவிட முக்கால் மணி நேரமளவு பிந்தும். படகுத்துறை வாசலில் ஒரு தடுப்புச்சுவர் உண்டு. அதன் மேல் எவ்வளவு தண்ணீர் என்று அளவுகோல் காட்டும், அதைப் பார்த்து நுழையலாம்.

வெளியே கிளம்புவதும் ஏற்றத்தில்தான். வாயில் உயர்மட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருந்தால், எதிரோட்டம் தளர்ந்திருக்கும், ஆழம் போதுமானதாக இருக்கும், தட்டினாலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏற மிச்சமிருக்கும். வற்றத்தோடு வெளியேறுவது விரைவாகத் தோன்றும். ஆனால் வெளியே அலை உடைகிறது என்று கண்டபோது 5 நாட் ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர எஞ்சினால் முடியாது.

வணக்கம்.