ஆறு நாளும் இரண்டரை மணி நேரமும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மியான்மரில், யாங்கூன் நகரில் இருபது வருடமாகக் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். கைபேசியின் நேற்று, இன்று, நாளை பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எனக்கு அது என் அக்காவிடமிருந்து தொடங்குகிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்கா வீடு துவான்டேயில். ஆற்றைக் கடந்து டாலா போய், அங்கிருந்து போக வேண்டும். 2008 மே 2-ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் அடித்தது. மறுநாள் விடிந்தபோது யாங்கூன் தெருக்களில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு கிடந்தன. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வழியும் இல்லை. அவள் தெருவில் தொலைபேசி வைத்திருந்த ஒரே வீடு அரிசிக்கடைக்காரர் வீடு. அந்தக் கம்பி எங்கே அறுந்து கிடந்ததோ தெரியாது. படகு கிடைத்து, நடந்து, சேற்றில் இறங்கி நான் போய்ச் சேர்ந்தது ஆறாம் நாள். கூரை இல்லாத வீட்டில், நனைந்த அரிசியைப் பாயில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா தம்பி?" என்றாள்.

அந்தப் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். புயல் வருவதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டதாக இந்திய வானிலைத் துறை சொன்னது. ஆனால் எவ்வளவு பெரிய புயல், எந்த ஊரைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்கிற விவரம் ஆற்றங்கரைக் கிராமங்களில் இருந்தவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கடையில் எந்தப் புதுக் கைபேசியைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: அந்த இரவில் இது இருந்திருந்தால் உதவியிருக்குமா?

உலகத்துக்குக் கைபேசி அப்போது புதிதே இல்லை. 1973 ஏப்ரல் 3-ஆம் தேதியே நியூயார்க் தெருவில் நின்று, கையில் பிடித்த கருவியில் பேசிக் காட்டினார் மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர். கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை. 1992 டிசம்பரில் முதல் குறுஞ்செய்தி போனது. 2007-இல் ஐபோன் வந்துவிட்டது. ஊரைத் தேன்கூட்டு அறைகள் மாதிரிப் பிரித்து, அறைக்கு ஒரு கோபுரம் வைத்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பயன்படுத்துவதுதான் இதன் அடிப்படை. அந்த யோசனை 1947-இலேயே பெல் ஆய்வகத்தில் பிறந்தது.

நம் நாட்டில் தடையாக இருந்தது விலை. ஒரு சிம் அட்டை பத்து லட்சம் கியாட்டைத் தாண்டி விற்றது நினைவிருக்கிறதா? அதை வைத்திருந்தவர் வீட்டில் பெண் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட காலம் அது. மற்றவர்களுக்கெல்லாம் நடைபாதை மேசைதான். குடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதன்மேல் கம்பியோடு இரண்டு தொலைபேசி, பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. பேசுகிறவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்தபடி, சாவுச் செய்தியையும் அவசர அவசரமாகச் சொல்லி முடிப்பார். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அது கேட்கும்.

2012 வாக்கில் சிம் விலை இரண்டு லட்சம் கியாட்டுக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் 1500 கியாட் சிம்மைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. அதன் பிறகு குலுக்கலும் தேவைப்படவில்லை, காய்கறிக் கடையிலேயே சிம் தொங்கியது. வீட்டுத் தொலைபேசியைத் தொட்டே பார்க்காத குடும்பங்கள் நேராகத் தொடுதிரைக்கு வந்து சேர்ந்தன. அந்த மாதங்களில் என் கடையில் இரவு பதினொரு மணி வரை கூட்டம். பழுது பார்க்க வந்தவர்கள் கொஞ்சம்தான். "இதை எப்படித் திறப்பது?" என்று கேட்டு வந்தவர்களே அதிகம். அக்கா முதல் முறை காணொளியில் பேசியபோது மணிப்பூரின் மோரேயில் இருக்கும் சித்தப்பா மகளைப் பார்த்தாள். இந்தியாவுக்குப் போனபின் பார்த்ததே இல்லை. இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசவில்லை, அழுது முடித்து வைத்துவிட்டார்கள்.

எழுத்திலும் ஒரு தொல்லை இருந்தது. பர்மிய மொழிக்கு ஜாஜீ என்ற எழுத்துரு ஒரு பக்கம், உலகம் முழுக்கப் பொதுவான யூனிகோடு மறுபக்கம். ஒன்றில் எழுதியது மற்றதில் குப்பையாகத் தெரியும். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி யூனிகோடுக்கு மாறுவது என்று நாள் குறித்து நாடே மாறத் தொடங்கியது. தமிழும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துருவோடு திண்டாடிய மொழிதான். அதனால் அந்த வேதனை நமக்கு நன்றாகவே புரியும்.

சரி, 2025-க்கு வருகிறேன். மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12.50. மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. யாங்கூனில் கடையின் கண்ணாடி அலமாரி கிலுகிலுவென்று ஆடியது. அக்கா மகன் மாண்டலேயில் வேலை பார்க்கிறான். அழைத்தேன், போகவில்லை. மறுபடியும் அழைத்தேன். நாற்பது, ஐம்பது தடவை இருக்கும். அக்கா அந்தப் பக்கம் துவான்டேயிலிருந்து அவனையே அழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரம் கழித்து என் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி விழுந்தது. "மாமா நலமாக இருக்கிறேன்." அவ்வளவுதான்.

அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி எப்படிப் போனது? இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஒரு கோபுரத்தால் ஒரே நேரத்தில் இத்தனை பேச்சைத்தான் தாங்க முடியும் என்று ஓர் அளவு உண்டு. ஒருவர் பேசும் வரைக்கும் அந்த இடம் அவருக்கே. மின்சாரம் போய், பாதிக் கோபுரங்கள் விழுந்து, மிச்சமிருப்பதில் ஊரே ஏறினால் அழைப்பு எங்கே போகும்? குறுஞ்செய்திக்கு அத்தனை இடம் வேண்டாம். கட்டுப்பாட்டுத் தகவல் ஓடும் சின்னச் சந்து வழியாகப் புகுந்து போய்விடும். வாங்க வேண்டியவர் கிடைக்காவிட்டால் மையத்தில் காத்திருந்து, அவர் கிடைக்கும்போது போய்ச் சேரும். அதனால் ஆபத்து நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் அழைக்காதீர்கள். செய்தி அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கீழே வையுங்கள். ஐம்பது தடவை அழைத்த நானும் சேர்ந்துதான் அன்றைக்கு அந்த வழியை அடைத்தேன். இடிபாட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டிருப்பார்களே என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

தமிழில் அனுப்பும்போது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழிலும் பர்மியத்திலும் 70. அதிலும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'மா' கைபேசிக்கு இரண்டு. மருமகன் அனுப்பியது நமக்குப் பன்னிரண்டு எழுத்து, கைபேசிக் கணக்கில் இடைவெளியோடு 22. ஆகவே சுருக்கமாக எழுதுங்கள். பெயர், இருக்கும் இடம், நலமா இல்லையா, இந்த மூன்றும் போதும்.

வாட்ஸப், வைபர் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். அவற்றுக்கு இணையம் வேண்டும். 2021 மார்ச்சிலிருந்து மாதக்கணக்கில் கைபேசி இணையம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். மின்சாரம் போனால் கோபுரங்களும் மின்கலம் தீரும் வரைதான் தாங்கும்.

இனி வரப்போவதில் எனக்கு ஆசையுள்ளவை இரண்டு. ஒன்று, கோபுரத்திலிருந்து அதன் எல்லையில் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போடும் முறை. வானொலி மாதிரிதான். யாருடைய எண்ணும் தேவையில்லை, எத்தனை பேர் இருந்தாலும் நெரிசல் இல்லை. ஜப்பானில் இது பல வருடங்களாக நடக்கிறது. புயலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. நர்கிஸ் இரவில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது, கைபேசியே நிலநடுக்கத்தை உணர்வது. திரையைத் திருப்பினால் படமும் திரும்புகிறது அல்லவா? அதற்காக உள்ளே இருக்கும் அதே உணரிதான் இதையும் செய்கிறது. நிலநடுக்கத்தில் வேகமான சிறு அதிர்வு முதலில் வரும், சேதம் செய்யும் பெரிய அதிர்வு பின்னால் வரும். ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் முதல் அதிர்வைச் சொன்னால், தள்ளி இருக்கும் ஊர்களுக்குச் சில விநாடிகள் முன்னே தகவல் போகும். ஆண்ட்ராய்டில் இதை 2020-இல் கூகுள் தொடங்கியது. மையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு நேரம் கிடைக்காது, அதை மறைக்க முடியாது. செயற்கைக்கோளுக்கே நேராகச் செய்தி அனுப்பும் கைபேசிகளும் வந்துவிட்டன. ஆனால் தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும்.

இவை நம் ஊருக்கு வரும்வரை கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: வீட்டில் ஒரு பட்டன் கைபேசி, பண்பலை வானொலி உள்ளதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் கம்பிதான் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டெனா, ஆகவே அதையும் தொலைக்காதீர்கள். கோபுரம் விழுந்தாலும் வானொலி கேட்கும், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் பல நாள் வரும்.

அப்புறம், எண்கள். உங்கள் பிள்ளையின் எண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? அக்காவால் முடியவில்லை. நிலநடுக்கத்துக்கு மறுவாரம் நான் துவான்டே போயிருந்தேன். அரிசி டின் மூடியின் உள்பக்கத்தில் ஐந்து எண்களைக் கறுப்பு மையால் எழுதி வைத்திருந்தாள். மருமகன் எண் முதலில். என்னுடையது இரண்டாவது. ஒன்றா ஏழா என்று சந்தேகம் வந்த ஓர் இடத்தில், என்னிடம் கேட்டு, மேலே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.