பொது ஒலிபரப்புக்குச் சமூக வலைத்தளம் துணையா, தொல்லையா? ‘தொல்லையே’ அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். “மக்கள் எங்கே இருக்கிறார்களோ, பொது ஒலிபரப்பும் அங்கேதான் போகணும்” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். போவது உங்கள் கையில், தம்பி. அங்கே பேச விடுவது யார் கையில்?

2023 ஆகஸ்ட். கனடாவின் யெல்லோநைஃப் நகரை நோக்கிக் காட்டுத்தீ வருகிறது. ஏறத்தாழ 20,000 பேர் வாழும் ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் மக்கள் பணத்தில் நடக்கும் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பான சிபிசியின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தால் தீயைப் பற்றி ஒரு வரி இல்லை. கனடாவில் இருப்பவர்கள் இதைப் பார்க்க முடியாது என்ற அறிவிப்புதான் நிற்கிறது! உங்கள் தளத்தில் வரும் செய்திக்குச் செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடு என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. காசும் வேண்டாம், செய்தியும் வேண்டாம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த மாதம்தான் கதவைச் சாத்தியது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போட்டார்கள். தங்கள் வரிப்பணத்தில் நடக்கிற செய்தியை, தாங்களே கடத்திக்கொண்டு போகிற மாதிரி!

இது முதல் தடவையும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பான ஏபிசியின் ஃபேஸ்புக் பக்கம் ஒரே நாளில் வெறுமையானது. வானிலை மையத்தின் பக்கமும் சேர்ந்தே போனது.

அடைக்காவிட்டால் முத்திரை குத்துவார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் என்பிஆர் வானொலிக்கு ட்விட்டர் ‘அரசு சார்பு ஊடகம்’ என்று பட்டம் கட்டியது. ரஷ்ய, சீன அரசு ஊடகங்களுக்குக் கொடுத்த அதே பட்டம். என்பிஆரின் வருமானத்தில் கூட்டாட்சி அரசிடமிருந்து நேரடியாகப் பெற்றதோ சுமார் 1 சதவீதம்தான். சிபிசிக்கும் ‘அரசு நிதி பெறும் ஊடகம்’ என்று முத்திரை விழுந்தது. சிபிசி, “அரசுப் பணம் 70 சதவீதத்துக்கும் குறைவு” என்று மறுத்ததும், ட்விட்டர் முதலாளி எலான் மஸ்க் அந்த முத்திரையை ‘69 சதவீதம் அரசு நிதி’ என்று மாற்றினார். ஒரு நாட்டின் ஒலிபரப்பு அவருக்கு விளையாட்டுப் பொருள்.

என்பிஆர் ட்விட்டரை விட்டு வெளியேறியது. குடியா முழுகிவிட்டது? ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதன் இணையதளத்துக்கு வரும் கூட்டம் ஒரே ஒரு சதவீதப் புள்ளிதான் குறைந்திருந்தது!

அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் இளைஞர்களைத்தான் இழுப்பார். சரி, இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். துணுக்கு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுச் செய்தி மட்டும் சொந்தத் தளத்தில், சொந்த அலைவரிசையில் இருக்கட்டும். பிபிசி தவறு செய்தால், பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் வரை புகார் போகலாம். ஒரு வெள்ள எச்சரிக்கையை, எந்தப் பதிவு மேலே வரணும் என்று முடிவு செய்கிற அல்காரிதம் அடியில் தள்ளிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.