மூன்றாவது கேஜ் இறங்கினால் மூன்றாவது ஸ்டேஜையே கழற்றாதீர்கள்

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் துவாஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்து பேசுகிறேன். பின்னால் ஓடுவது சுவாசக் காற்று கம்ப்ரஸர், சத்தம் இருக்கும். கப்பல் டேங்க்குக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டரை இதில்தான் நிரப்புகிறார்கள். நாலு ஸ்டேஜ், அதாவது காற்றை நாலு கட்டமாக அழுத்தி 300 பார் பிரஷருக்கு ஏற்றும். ஒவ்வொரு ஸ்டேஜுக்குப் பிறகும் பிரஷரைக் காட்ட ஒரு கேஜ் இருக்கும்.

வந்த புகார் இதுதான்: சிலிண்டர் நிரம்ப நேரம் ஆகிறது. நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று தரும் மெஷின், 6.8 லிட்டர் சிலிண்டரில் காற்றை சுமார் 300 மடங்கு அழுத்தி அடைக்கப் பத்து நிமிடம் போதும். இப்போது 16, 17 நிமிடம் இழுக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ் கேஜ் இறங்கியிருக்கிறது என்று, நான் வருவதற்கு முன்பே மூன்றாவது ஸ்டேஜ் வால்வைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். செலவு ஆனது, கேஜ் ஏறவில்லை. இந்த வீடியோ போடுவதே அதற்காகத்தான். எந்த கேஜ் இறங்கியிருக்கிறதோ அந்த ஸ்டேஜைக் கழற்றுவது நம் ஆட்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். மூன்றாம் ஆள் கொடுக்கும் கல் குறைகிறது என்று வையுங்கள். அவர் காலடியில் கல் குவிந்து கிடந்தால் கோளாறு அவரிடம். அவருக்கே கல் வரவில்லை என்றால் அவரைத் திட்டி என்ன பயன்? பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸரும் அப்படித்தான். ஒரு ஸ்டேஜ் தன் பங்கை இழுக்காவிட்டால் அதற்கு முந்தைய கேஜ் ஏறும். முந்தைய கேஜும் சேர்ந்து இறங்கியிருந்தால் அந்த ஸ்டேஜைத் தொடாதீர்கள், அதற்கு முந்தைய ஸ்டேஜ் பக்கம் போங்கள். ஸ்டேஜ் வரிசையில் முதலாவதாக இறங்கியிருக்கும் கேஜ் எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சரி, இந்த மெஷினுக்கு வருவோம். லாக் புத்தகத்தில் நல்ல நிலையில் எழுதிய அளவு இருக்கிறது: முதல் ஸ்டேஜ் 4 பார், இரண்டாவது 17, மூன்றாவது 70. எல்லாம் கடைசி கேஜ் 300 காட்டும்போது எடுத்தது. ஒப்பிடும்போது கடைசி பிரஷர் ஒன்றாக இருக்க வேண்டும், மெஷினும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சிலிண்டர் காலியாக இருக்கும்போது பார்த்த அளவையும் நிறைந்தபோது பார்த்த அளவையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் 300-இல் பார்த்தேன். 4, 10, 42.

மூன்றாவது இறங்கியிருக்கிறது, ஆனால் இரண்டாவதும் இறங்கியிருக்கிறது. அப்படியானால் மூன்றாவது ஸ்டேஜ் குற்றவாளி இல்லை. இரண்டாவது ஸ்டேஜ் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருந்தால் முதல் கேஜ் 4-க்கு மேலே ஏறியிருக்கும். அது அசையவே இல்லை. முதல் ஸ்டேஜும் இரண்டாவதும் தங்கள் வேலையைச் செய்கின்றன. காற்று அதற்கப்புறம், மூன்றாவதுக்குப் போவதற்குள் எங்கேயோ வெளியேறுகிறது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது.

அந்த இடைவெளியில் என்னென்ன இருக்கின்றன? கூலர் குழாய், ஜாயின்ட், சேஃப்டி வால்வு, தண்ணீர் பிரிக்கும் செபரேட்டர், அந்தத் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் வால்வு. சோப்புத் தண்ணீர் அடித்தேன், ஜாயின்ட்டில் குமிழி இல்லை. லீக் தேடக் கையை வைத்துத் தடவாதீர்கள். இந்த பிரஷரில் மெல்லிய காற்றுக் கீற்று தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மெஷின் ஓடும்போது நட்டை இறுக்கவும் கூடாது. சேஃப்டி வால்வும் அமைதியாகத்தான் இருந்தது.

அப்புறம் டிரெயின். இதில் ஆட்டோ டிரெயின், 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும். இரண்டு திறப்புக்கும் நடுவே அந்தக் குழாயில் காற்றே வரக் கூடாது. கேனில் தண்ணீர் ஊற்றி, குழாய் முனையை அதற்குள் விட்டுப் பார்த்தேன். விடாமல் குமிழி.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எல்லா கேஜும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு வால்வைத் திறந்தேன். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் வெடித்திருந்தது, சீட்டில் கருப்பாகக் கார்பன் துணுக்கு ஒட்டியிருந்தது. ரிங் மாற்றி, சீட்டைத் துடைத்துப் பூட்டினேன். துடைக்க பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அந்த வாசம் மனிதர் மூச்சுக்குள் போகும்.

டிரெயின் வால்வு நம் ஊரில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். இந்த மெஷின் மணிக்கு 12 கன மீட்டர் இழுக்கிறது. மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. அதில் பெரும்பகுதி எண்ணெயோடு கலந்து இந்தச் சின்ன வால்வுகள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

முதல் கேஜே இறங்கியிருந்தால் கதை வேறு. முதலில் இன்டேக் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு முதல் ஸ்டேஜ் வால்வு. புகைமூட்டம் உள்ள மாதங்களில் ஃபில்டர் வேகமாக அடைக்கும். எந்தப் பக்கமும் கணக்கு இடிக்கிறது என்றால் கேஜையே சந்தேகப்படுங்கள். மெஷின் நின்று, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் அந்த கேஜை நம்பாதீர்கள்.

நேரம்தானே கூடுகிறது, ஓடட்டும் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. கூடுதல் நேரம் ஓடினால் கூடுதல் சூடு. சூடான காற்று அதிகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு கடைசி ஃபில்டருக்கு வரும், ஃபில்டர் சீக்கிரம் நனைந்துபோகும். நனைந்த ஃபில்டர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைப் பிடிக்காது. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021-இல் அதற்கு வரம்பு 5 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு. டேங்க்குக்குள் இருக்கும் தம்பிக்கு அந்த சிலிண்டரைத் தவிர வேறு காற்று கிடையாது.

இப்போது மறுபடி 300-க்கு ஏற்றியாயிற்று. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். 4, 17, 69. சிலிண்டர் பத்து நிமிடம் இருபது விநாடியில் நிறைந்தது. காற்றுச் சோதனை முடிந்ததும் மெஷினை ஒப்படைத்துவிடுவேன். இன்றைய அளவையும் லாக் புத்தகத்தில் எழுதப் போகிறேன்.