1929 பெருமந்தம்: ஷேரே வாங்காதவங்க வீட்டுல ஏன் அடுப்பு எரியல?

[திரையில்: 1930 டிசம்பர் 10. நியூயார்க், பிராங்ஸ் பகுதி. ஒரு வங்கிக் கிளையோட வாசல்.]

பிராங்ஸ், நியூயார்க் நகரத்துல உழைக்கிற ஜனங்க வாழ்ந்த பகுதி. துணி தைக்கிற தொழிலாளிங்க, சின்னச் சின்னக் கடை வச்சிருந்தவங்க, ஐரோப்பாவுல இருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்க. அன்னைக்கு ஒரு சின்ன வியாபாரி அங்க இருந்த வங்கிக் கிளைக்குப் போறாரு. வங்கியோட பேரு 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்'. பேரைக் கேட்டா அரசாங்க வங்கின்னு தோணும், ஆனா அது தனியார் வங்கி. அந்த வங்கியோட ஷேர் அவர்கிட்ட இருக்கு. அதை வித்துக் காசாக்கணும்னு கேக்குறாரு. "நல்ல ஷேருங்க, இப்ப விக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க.

வெளிய வந்தவரு, வங்கி தன்னோட ஷேரையே வாங்க மாட்டேங்குதுன்னு நாலு பேர்கிட்ட சொல்றாரு. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள அந்த வாசல்ல இருபதாயிரம் பேருக்கு மேல கூடிட்டாங்க. கணக்குல இருந்த ரெண்டே ரெண்டு டாலரை எடுக்க ஒருத்தர் ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னாருன்னு பத்திரிகையில செய்தி வந்துச்சு. அந்த ரெண்டு டாலர் அவருக்கு எவ்வளவு பெருசா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மறுநாள் அந்த வங்கி திறக்கவே இல்ல. அதுல கணக்கு வச்சிருந்தவங்க 4 லட்சத்துக்கும் மேல. பின்னால அவங்க பணத்துல பெரும்பகுதி திரும்பக் கிடைச்சது உண்மைதான். ஆனா வருஷக்கணக்கா இழுத்து, தவணை தவணையா வந்துச்சு. வாடகை கட்டவும் ரொட்டி வாங்கவும் அன்னைக்குத் தேவைப்பட்ட பணம் அது.

1929 பெருமந்தம், அதாவது உலகம் முழுக்கத் தொழிலும் வேலையும் வருஷக்கணக்கா முடங்கின காலம். அதைச் சொன்னா நம்ம மனசுல வர்றது நியூயார்க் பங்குச்சந்தை இருக்கிற வால் ஸ்ட்ரீட், தலையில கை வச்சு நிக்கிற பங்குத் தரகர்கள். ஆனா அப்ப அமெரிக்காவோட மக்கள் தொகை சுமார் 12 கோடி. அதுல பங்குத் தரகர்கிட்ட இருந்த கணக்கு சுமார் 15 லட்சம்தான். அப்படின்னா மீதிப் பேரு ஏன் தெருவுக்கு வந்தாங்க? பங்குச்சந்தை விழுந்தது ஆரம்பம் மட்டும்தான்னு நான் நினைக்கிறேன். சாதாரண ஜனங்களை நசுக்கினது அதுக்கு அப்புறம் மூணு வருஷத்துல எடுத்த முடிவுகளும், எடுக்காம விட்ட முடிவுகளும்.

[திரையில்: அமெரிக்கப் பெரிய கம்பெனிகளோட ஷேர் விலைப் போக்கைக் காட்டுற டௌ ஜோன்ஸ் குறியீடு. 1929 செப்டம்பர் 3: 381. 1932 ஜூலை 8: 41.]

முதல்ல பங்குச்சந்தைக் கதையைச் சீக்கிரமாச் சொல்லிடுறேன். 1920-கள்ல கார், ரேடியோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் தவணையில கிடைச்சது. ஷேரும் கிட்டத்தட்ட அப்படித்தான். 100 டாலர் ஷேருக்குக் கையில இருந்து 10 டாலர் போட்டா போதும், மீதியைத் தரகர் கடனாக் கொடுப்பாரு. விலை ஏறுற வரைக்கும் எல்லாருமே கெட்டிக்காரங்க. கொஞ்சம் இறங்கினா, "கடனை அடை, இல்லன்னா ஷேரை வித்துடுவேன்"னு தரகர் ஆள் அனுப்புவாரு. எல்லாரும் ஒரே நேரத்துல விக்க வந்தா விலை இன்னும் விழும். அக்டோபர் 24, 28, 29 மூணு நாள்ல நடந்தது அதுதான். 29-ஆம் தேதி ஒரே நாள்ல 1 கோடியே 60 லட்சம் ஷேர் கை மாறிச்சு. 1929-ல தொட்ட அந்த உச்சத்தைக் குறியீடு திரும்பத் தொட்டது 1954-லதான்.

சரி, இனிமேதான் முக்கியமான இடம்.

பங்கு விழுந்ததும் ஜனங்க பயந்தாங்க. புதுக் கார் வேண்டாம், கோட்டு அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்னு கையைக் கட்டுனாங்க. ஒரு குடும்பத்துக்கு அது புத்திசாலித்தனம். ஆனா நான் செலவழிக்கிறதுதான் இன்னொருத்தருக்கு வருமானம். நாடு முழுக்க ஒரே நேரத்துல கையைக் கட்டினா நாடு முழுக்க வருமானம் குறையும். அமெரிக்காவுல 1929-ல சுமார் 53 லட்சம் மோட்டார் வண்டி தயாராச்சு. 1932-ல சுமார் 13 லட்சம். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, கடல் தாண்டி ஒரு இடத்துல இது நம்மளை வந்து தொடும்.

இதுக்கு நடுவுலதான் வங்கிகள் சாயுது. அமெரிக்காவுல அப்ப ஆயிரக்கணக்குல குட்டி வங்கிகள். பல மாநிலங்கள்ல கிளை திறக்கவே சட்டம் விடல. ஒரு ஊர் விவசாயிங்க நொடிச்சா அந்த ஊர் வங்கியும் நொடிச்சுப் போகும். பக்கத்துல கனடாவுலயும் மந்தம் கடுமையாத்தான் இருந்துச்சு, ஆனா அங்க ஒரு வங்கிகூட மூடல. நாடு முழுக்கக் கிளை பரப்பின பெரிய வங்கிகள் அங்க இருந்ததுதான் முக்கியக் காரணம். அமெரிக்காவுல 1930-ல இருந்து 1933 வரைக்கும் சுமார் 9,000 வங்கிகள் மூடிப் போச்சு. போட்ட பணத்துக்குக் காப்பீடும் கிடையாது. மிச்சம் இருந்த வங்கிகளும் பயந்து, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுச்சு, புதுக் கடனை நிறுத்திச்சு. ஜனங்க பணத்தை எடுத்து மெத்தைக்கு அடியில வச்சுக்கிட்டாங்க. இப்படியே நாட்டுல புழங்குற பணம் மூணுல ஒரு பங்கு காணாமப் போச்சு.

இதைத் தடுக்கத்தான் ஃபெடரல் ரிசர்வ்னு ஒரு மத்திய வங்கி இருந்துச்சு. கஷ்டத்துல இருக்கிற வங்கிக்கு அவசரமாப் பணம் கொடுக்கிறது அதோட அடிப்படை வேலை. போதுமான அளவு செய்யல. 1931 செப்டம்பர்ல பிரிட்டன் தங்கத்தோட தன் பணத்தைக் கட்டியிருந்த கயிறை அறுத்துக்கிச்சு, அதாவது பவுண்டுக்கு இவ்வளவு தங்கம் தர்றோம்ங்கிற வாக்கைக் கைவிட்டுச்சு. அடுத்தது டாலர்தான்னு உலகம் தங்கத்தை எடுக்க ஆரம்பிச்சுது. தங்கத்தைக் காப்பாத்த ஃபெடரல் ரிசர்வ் என்ன செஞ்சுது தெரியுமா? தொழிற்சாலைகள் தூங்குற நேரத்துல, வட்டி கூடினா பணம் டாலர்லயே தங்கும்னு, வட்டியை 1.5 சதவீதத்துல இருந்து 3.5 சதவீதமா ஏத்திச்சு. தங்கம் பத்திரம். ஜனங்க நிலைமை? இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருது.

அதுக்கு முந்தின வருஷம், 1930 ஜூன்ல, இன்னொரு காரியம் நடந்துச்சு. ஸ்மூட்-ஹாலி சட்டம். வெளிநாட்டுப் பொருளுக்கு வரியை ஏத்தினா உள்ளூர்க்காரன் பிழைப்பான்னு எண்ணம். வேண்டாம்னு ஆயிரத்துக்கும் மேல பொருளாதார வல்லுநர்கள் கையெழுத்துப் போட்டு அதிபர் ஹூவருக்கு மனு கொடுத்தாங்க. அவரு கேக்கல. மத்த நாடுகளும் பதிலுக்கு வரி போட்டுச்சு. மந்தத்துக்கு இதுதான் காரணம்னு சொன்னா அது மிகை. ஆனா மூழ்குறவன் தலைமேல இன்னொரு கை வச்ச மாதிரி ஆச்சு.

[திரையில்: நியூயார்க் நடைபாதை. கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள், முன்னால ஆப்பிள் பெட்டி. விலை 5 செண்ட்.]

1930 கடைசியில நியூயார்க் தெருமுனைகள்ல ஆயிரக்கணக்கான பேரு ஆப்பிள் வித்தாங்க. பழைய படங்களைப் பார்த்தீங்கன்னா நல்ல கோட்டு, டை, ஷூவோட நிப்பாங்க. அவங்ககிட்ட மிச்சம் இருந்ததே அந்த வேலைக்குப் போன உடுப்புதான். 1933-ல வேலை செய்யத் தயாரா இருந்த நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்ல. வாடகை கட்ட முடியாதவங்க தகரமும் அட்டையும் வச்சுக் குடிசை போட்டாங்க, நியூயார்க் சென்ட்ரல் பார்க்லகூட. அந்தக் குடிசைப் பகுதிகளுக்கு ஜனங்க வச்ச பேரு 'ஹூவர்வில்', அதாவது ஹூவர் ஊர்.

கிராமத்துல நிலைமை வேற விதமாக் கொடுமை. கோதுமை 1929-ல ஒரு புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) ஒரு டாலர் பக்கம் போச்சு, 1932-ல 40 செண்டுக்கும் கீழ. நிலக்கரியை விட மக்காச்சோளம் மலிவா இருந்ததால அயோவா மாநிலத்துப் பக்கம் சோளத்தையே அடுப்புல போட்டு எரிச்சாங்க. சிகாகோவுல சோத்துக்கு வரிசை நிக்குது, இங்க தானியம் எரியுது. விளைச்சல் குறைஞ்சு வந்த பஞ்சம் இல்ல இது. வாங்குறவன் கையில காசு இல்ல, அதான்.

விலை பாதிக்கும் கீழ விழுந்தாலும் கடன் விழாது. 1,000 டாலர் கடன் வாங்கினப்ப ஆயிரம் புஷல் கோதுமை வித்தா அடைச்சிடலாம். இப்ப 2,500 புஷல் விக்கணும். நிலம் ஏலத்துக்கு வரும். அப்ப அக்கம்பக்கத்து விவசாயிங்க கூட்டமா ஏலத்துக்குப் போயி, மாட்டுக்கு அஞ்சு செண்ட், கலப்பைக்குப் பத்து செண்ட்னு கேட்டு, வேற யாரையும் வாய் திறக்க விடாம எடுத்து, அதை உடையவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு வந்தாங்க. அந்தக் காலத்துல நடந்த எல்லாத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

எல்லா இடத்துலயும் அந்த ஒற்றுமை இல்ல. கறுப்பின மக்கள்தான் முதல்ல வேலை இழந்தாங்க. கணவனும் மனைவியும் அரசாங்க வேலையில இருந்தா ஆள் குறைக்கும்போது அவங்கள்ல ஒருத்தரை முதல்ல அனுப்பணும்னு 1932-ல சட்டமே வந்துச்சு. பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது மனைவிதான். மெக்சிகோ வம்சாவளியினரை லட்சக்கணக்குல எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாங்க. அதுல நிறையப் பேரு அமெரிக்காவுலயே பிறந்த குடிமக்கள்.

[திரையில்: வரைபடம். அமெரிக்கக் கார் நகரம் டெட்ராய்ட், மலேயாவோட பினாங்கு, நாகப்பட்டினம்.]

இப்ப அந்தக் கார் எண்ணிக்கைக்கு வருவோம். கார் இல்லன்னா டயர் இல்ல, டயர் இல்லன்னா ரப்பர் வேண்டாம். அந்த ரப்பர் பெரும்பகுதி வந்தது மலேயாவுல (இன்னைய மலேசியாப் பக்கம்) இருந்து. அங்க விடிகாலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்னு, ரப்பர் மரத்துல பால்வெட்டப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி) கூட்டிக்கிட்டுப் போன திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு ஜனங்க. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனதும் தோட்டங்கள் முதல்ல கூலியைக் குறைச்சுது, அப்புறம் ஆளைக் குறைச்சுது. 1930-ல இருந்து ரெண்டு மூணு வருஷத்துல லட்சத்துக்கும் மேல தொழிலாளிகளை அரசாங்கச் செலவுலயே கப்பல் ஏத்தித் திருப்பி அனுப்பினாங்க. லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) பிறந்து, ஊரையே பார்க்காத குழந்தைங்களும் அதுல உண்டு.

நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் வந்து இறங்கினவங்களுக்கு ஊர்ல என்ன இருந்துச்சு? நெல் விலை கிட்டத்தட்டப் பாதியாயிருந்துச்சு. கிஸ்தி, அதாவது நில வரி, மட்டும் அதே ரூபாய். 1931-க்கு அப்புறம் தங்கத்துக்கு நல்ல விலை வந்ததால, இந்தியா முழுக்கக் குடும்பங்கள் நகையை வித்துக் கடனையும் வரியையும் கட்டினாங்க. அந்தத் தங்கம் பம்பாய் வழியா லண்டனுக்குப் போச்சு. பிரிட்டன் சீக்கிரம் தலை நிமிர அதுவும் உதவிச்சு.

பர்மாவுல வேற மாதிரி. அரிசி விலை விழுந்ததும், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்கிட்டக் கடன் வாங்கியிருந்த விவசாயிகளால அடைக்க முடியல. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930-ல 6 சதவீதம், 1937-ல 25 சதவீதம். அவங்களுக்கு வேண்டியது வட்டியோட பணம். கிடைச்சது யாரும் வாங்க வராத வயல். நிலம் போன பர்மியர்களுக்கு வந்த ஆத்திரம் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்லவே வேண்டாம். பின்னால அந்த நிலமும் செட்டியார்களுக்குத் தங்கல.

ஜெர்மனியில 1932 தொடக்கத்துல 60 லட்சம் பேருக்கு வேலை இல்ல. 1928 தேர்தல்ல 3 சதவீத ஓட்டுகூட வாங்காத ஹிட்லரோட நாஜிக் கட்சி, 1932 ஜூலையில 37 சதவீதம் வாங்கிச்சு.

[திரையில்: 1933 மார்ச். வானொலி முன்னால உட்கார்ந்திருக்கிற ஒரு குடும்பம்.]

அமெரிக்காவுல மார்ச் 4-ஆம் தேதி ரூஸ்வெல்ட் புது அதிபராப் பதவி ஏத்தாரு. ரெண்டு நாள்ல எல்லா வங்கிகளையும் மூடச் சொன்னாரு. 12-ஆம் தேதி வானொலியில, வங்கின்னா என்ன, உங்க பணத்தை அது என்ன செய்யுதுன்னு எளிமையா விளக்கினாரு. மறுநாள் வங்கிகள் திறக்க ஆரம்பிச்சப்ப, ஜனங்க மெத்தைக்கு அடியில இருந்த பணத்தைக் கொண்டுவந்து திரும்பப் போட்டாங்க. டாலரையும் தங்கத்துக்கட்டுல இருந்து விடுவிச்சாரு. பொதுவாவே, தங்கத்தை முன்னாடி விட்ட நாடுகள் முன்னாடி எழுந்துச்சு. பாலம், பள்ளிக்கூடம், ரோடு வேலைன்னு லட்சக்கணக்கான பேருக்குக் கூலி கிடைச்சுது. 1937-ல "போதும், குணமாயிடுச்சு"ன்னு அரசாங்கம் செலவைக் குறைச்சதும் மறுபடியும் சறுக்கல்.

அப்ப வந்த சட்டங்கள்ல இன்னைக்கும் உங்க வீடு வரைக்கும் வர்ற ஒண்ணு, டெபாசிட் இன்ஷூரன்ஸ். 1934 ஜனவரி 1-ல இருந்து அமெரிக்காவுல ஒருத்தரோட 2,500 டாலர் வரைக்குமான வங்கிப் பணத்துக்கு உத்தரவாதம் வந்துச்சு. வங்கிகள் திவாலாகிறது சட்டுனு குறைஞ்சு போச்சு. இந்தியாவுல 1938-ல திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தப்பகூட இது வரல. 1960-ல கேரளாவுல பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த அப்புறம்தான், 1962-ல இங்க வந்துச்சு. அப்ப 1,500 ரூபாய் வரைக்கும். 2020 பிப்ரவரியில இருந்து அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும்.

கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஆனா தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல போட்ட பணத்துக்குக் கிடையாது. ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்குக் கிடையாது. சீட்டுப் பணத்துக்கும், நகைக்கடையில மாசாமாசம் கட்டுற பணத்துக்கும் கிடையாது. ரெண்டு சதவீதம் வட்டி கூட வருதுன்னு யாராவது சொன்னா, "இதுக்கு டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கா?"ன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.