கற்பனை உலகத்துக்கு அகராதி போடலாமா?

நண்பர்களே, ஒருவர் கற்பனை செய்த உலகத்துக்கு இன்னொருவர் அகராதி எழுதி விற்கலாமா? 2008 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றம் இதைத்தான் விசாரித்தது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஆட்கள், மந்திரங்கள், விலங்குகள் எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்து இணையத்தில் வைத்திருந்தார் ஸ்டீவ் வாண்டர் ஆர்க். பள்ளி நூலகராக இருந்தவர். அந்தத் தளத்தை, கதைகளை எழுதிய ரௌலிங்கே பாராட்டியிருக்கிறார். ஆனால் ஆர்.டி.ஆர். புக்ஸ் என்ற சிறு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடக் கிளம்பியதும், ரௌலிங்கும், அந்தக் கதைகளைப் படமாக்கிய வார்னர் பிரதர்ஸும் பதிப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடுத்தார்கள். சும்மா கிடைத்தவரை இனித்தது, விலை வைத்ததும் கசந்ததா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஹாரி பாட்டர் படிக்கும் ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் நான்கு இல்லங்கள் என்பதும் பார்வைக்குத் தகவல்தான். ஆனால் அது ஒருவருடைய கற்பனையில் பிறந்தது. சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை வைத்து 643 கேள்விகளோடு வினாடி வினாப் புத்தகம் போட்டவர்கள், 1998-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது இதனால்தான்.

அப்படியானால் வாண்டர் ஆர்க் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டுமே? இல்லை. அகராதி என்பது கதையை வேறு உருவில் திரும்பச் சொல்வதல்ல, அதன் நோக்கமே வேறு என்றார் நீதிபதி ராபர்ட் பேட்டர்சன். தன் கதைக்கு யாரும் வழிகாட்டி நூல் எழுதக் கூடாது என்று தடுக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை என்றும் சொன்னார்.

பிறகு எங்கே சறுக்கியது? வாக்கியங்களில். கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் செய்த கவசம் பற்றிய பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்ளின்களின் வெள்ளி அழுக்கை அண்டவிடாது, தன்னை வலுவாக்குவதை மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று ரௌலிங் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். செய்தி மட்டும் போதுமென்ற இடத்தில் அந்த வாக்கியமே அப்படியே அகராதிக்குள் வந்துவிட்டது. இப்படிப் பல இடங்கள். அதோடு ரௌலிங் அதே உலகத்துக்கு இரண்டு சிறு துணைநூல்களும் எழுதியிருந்தார், ஒன்று மந்திர விலங்குகளைப் பற்றியது. அவையும் தகவல் நூல்கள்தான். அவற்றிலிருந்து அள்ளிவிட்டு, என் நோக்கம் வேறு என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பரில் புத்தகத்துக்குத் தடை வந்தது. இழப்பீடு எவ்வளவு தெரியுமா? ஏழு நாவல், இரண்டு துணைநூல், தலைக்கு 750 டாலர் வீதம் 6,750 டாலர். சட்டப்படி குறைந்தபட்சத் தொகை அது! அப்புறம் வாண்டர் ஆர்க் திருத்தி எழுதினார். 2009 ஜனவரியில் அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது.