வாசலைத் தாண்டினால் மெஸ்ஸீனியா

வணக்கம் நேயர்களே. கிரேக்க நாட்டின் தென்மேற்கு மூலையில், மெஸ்ஸீனியா பகுதியில், பைலோஸ் என்ற சின்ன ஊரைச் சுற்றியுள்ள கடற்கரைக்கு ஒரு வாரம் போய்வர எப்படித் திட்டம் போடுவது என்று பேசச் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை போய் வந்த இடம் அது. அவர் கோல்ஃப் பைத்தியம். நான் அந்த மட்டையைத் தொட்டதுகூட இல்லை. அதனால் இப்படிப்பட்ட பயணத்தில் ஆடுகிறவருக்கு என்ன வேண்டும், ஆடாமல் கூடப் போகிறவருக்கு என்ன வேண்டும், இரண்டும் எனக்குத் தெரியும்.

அங்கே கோஸ்டா நவரீனோ என்று ஒரு பெரிய விடுதி வளாகம் இருக்கிறது. கப்பல் மாலுமியாகத் தொடங்கி கப்பல் முதலாளியான வாசிலிஸ் கான்ஸ்டான்டகோபுலோஸ் என்பவர், தான் பிறந்த மண்ணில் பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கிச் சேர்த்து 2010-ல் திறந்தது. மறு வருஷமே அவர் காலமாகிவிட்டார். இன்று அங்கே 18 குழி கோல்ஃப் மைதானங்கள் நான்கு இருக்கின்றன. கடலை ஒட்டிய மைதானத்தை பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்தார், நவரீனோ வளைகுடாவைப் பார்த்தபடி இருப்பதை ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர். மேட்டு நிலத்தில் இருக்கும் மற்ற இரண்டும் ஹோசே மரியா ஒலசாபல் வடிவமைத்தவை, 2022-ல் திறந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த மாதிரி இடத்துக்கு இவ்வளவு செலவு பண்ணிப் போகும்போது, வாசலுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நல்ல படுக்கை, நீச்சல் குளம், ஸ்பா எல்லாம் மத்தியதரைக் கடலோரம் முழுக்கக் கிடைக்கும். பைலோஸ் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

முதலில் மாதம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய வெயில் என்று தோன்றும், ஆனால் நடுப்பகலில் நிழலே இல்லாத புல்வெளியில் நாலரை மணி நேரம் நடந்து பாருங்கள், அப்போது தெரியும். அறை வாடகையும் அந்த இரண்டு மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரைதான் சரியான காலம். கோடை முழுக்கச் சூடான கடல் அப்போதும் இதமாகவே இருக்கும், வெயில் மட்டும் தணிந்திருக்கும். மே மாதமும் அழகுதான், கரையெல்லாம் காட்டுப் பூக்கள், ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும், குழந்தைகள் இறங்கமாட்டோம் என்று அடம் பிடிக்கும்.

மாதம் முடிவானதும் விசா. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். முடிந்தவரை சீக்கிரமே நேரம் வாங்கிவிடுங்கள். காரை நீங்களே ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக் கொள்ளுங்கள், கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கார் இல்லாமல் போகாதீர்கள், கார் இல்லையென்றால் வாரம் முழுக்க விடுதிக்குள்ளேயேதான் கிடக்க வேண்டும். ஏதென்ஸிலிருந்து கொரிந்த், த்ரிபோலி, கலமாட்டா வழியாக மூன்றரை மணி நேரம், அருமையான சாலை. கலமாட்டாவிலேயே விமான நிலையம் இருக்கிறது, ஆனால் நம் பக்கமிருந்து போகிறவர்களுக்கு ஏதென்ஸ்தான் வசதி.

அப்புறம் ஒரு வரி இருக்கிறது, பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஐந்து நட்சத்திர விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ, பருவநிலை பாதிப்புகளைச் சமாளிப்பதற்காக கிரேக்க அரசு வாங்குவது. ஏழு இரவுக்கு 105 யூரோ. பெரும்பாலும் விடுதியில்தான் கட்டச் சொல்வார்கள், தனியாக எடுத்து வையுங்கள்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் அறையைப் பதிவு செய்யும் அன்றைக்கே டீ டைமும், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரமும், பதிவு செய்துவிடுங்கள், காலை நேரம்தான் முதலில் தீரும். ஹேண்டிகேப் சான்றிதழை, அதாவது ஒருவருடைய ஆட்டத் திறன் எவ்வளவு என்று காட்டும் சான்றிதழை, கையில் வைத்துக் கொள்ளுங்கள். முதல் தடவை போனபோது எங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தது. விமானம் மாறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது, நாங்கள் ஓடிப்போய் ஏறிவிட்டோம், மட்டைப் பை ஏறவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. நல்ல வேளையாக ஷூவும் கையுறையும் கைப்பையில் இருந்தன, மட்டை வாடகைக்குக் கிடைத்தது. அதிலிருந்து விமானம் மாற மூன்று மணி நேரமாவது இல்லையென்றால் நாங்கள் டிக்கெட் எடுப்பதில்லை.

இப்போது ஆடாதவருடைய நாள். 18 குழி முடித்து, குளித்து, சாப்பிட்டு அவர் திரும்பி வர ஆறு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஆறு மணி நேரத்தை முன்பே யோசிக்காமல் போனால், கூட வந்தவர் குடைக்கடியில் படுத்துக் கிடந்து சலித்துப் போவார், நான் முதல் இரண்டு நாள் அப்படித்தான் சலித்தேன். மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு நெஸ்டர் அரண்மனைக்குப் போனேன். ட்ரோஜன் போர்க் கதைகளில் வருகிற அந்தக் கிழ அரசனின் பெயரால் அழைக்கப்படும் இடம், மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தையது. மேலே கூரை போட்டு, கீழே தெரிகிற அறைகளுக்கு மேல் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நடு மண்டபத்தில் வட்டமான பெரிய அடுப்பு, ஓர் அறையில் சுட்டமண் குளியல் தொட்டி, உள்பக்கம் வளைவு வளைவாகத் தீட்டிய கோலம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. 1939-ல் கார்ல் பிளேகன் என்ற தொல்லியல் அறிஞர் இங்கே தோண்டத் தொடங்கியவுடனே எழுத்துள்ள களிமண் பலகைகள் கிடைத்தன. சுடாத பச்சை மண், சாதாரணமாக என்றைக்கோ கரைந்து போயிருக்கும். அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயில் வெந்து செங்கல்போல் ஆனதால்தான் பிழைத்தன. அவற்றில் இருப்பதெல்லாம் ஆடு, செம்பு, வேலையாட்கள், வாசனை சேர்த்த ஆலிவ் எண்ணெய் என்று அரண்மனைக் கணக்கு. படித்துவிட்டு வெளியே வந்தால் குன்று முழுக்க ஆலிவ் மரம்தான். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதேபோல வொய்டோகிலியா கடற்கரைக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். லாடம்போல வளைந்த மணல், நடுவில் இளநீல நிறத்தில் ஆழமில்லாத தண்ணீர். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் கடையும் இல்லை, குடையும் இல்லை, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் நீங்களே கொண்டு போக வேண்டும். மணல்மேட்டில் கால் புதையப் புதைய ஏறினால் நெஸ்டர் குகை வரும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால்தான் அந்த வளைவு முழுசாகத் தெரியும். பின்பக்கம் கியாலோவா காயல், பறவைகள் நிறைய, அந்த மணலில் ஆப்பிரிக்கப் பச்சோந்தியும் வாழ்கிறது. நான் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்தில் நின்ற சிறுமி காட்டிய பிறகும் ஒரு நிமிஷம் கிளையும் அதுவும் ஒன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து பைலோஸ் ஊருக்குள் போங்கள். அங்கே நடுச்சதுக்கத்துக்கு மூன்று கடற்படைத் தளபதிகள் பெயர். 1827 அக்டோபர் 20-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்கள் சேர்ந்து ஒட்டோமான் (துருக்கி), எகிப்தியக் கப்பல்களை இந்த நவரீனோ வளைகுடாவில்தான் அழித்தன, கிரேக்க விடுதலைக்கு வழி திறந்த நாள் அது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். விரத உணவு, அதாவது "நிஸ்டீசிமோ", இருக்கிறதா என்று கேளுங்கள், கறி, முட்டை, பால் எதுவும் இல்லாத பண்டங்களைச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் உண்டு, அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை, அரிசி அடைத்த குடைமிளகாய், மேலே ஊற்றும் எண்ணெய் அந்த மண்ணிலேயே விளைந்தது, எனக்கு அதுவே போதும்.

இந்த வருஷம் நாங்கள் அக்டோபர் கடைசிக்குப் பதிவு செய்திருக்கிறோம். கடல் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஒன்றிரண்டு நாள் மழை வரலாம், பரவாயில்லை. ஆலிவ் பறிப்பு தொடங்குகிற சமயம் அது, மரத்தடியில் வலை விரித்துக் காய் உதிர்ப்பதை நான் பார்க்க வேண்டும். அவருக்கு மூன்று காலைகள் டீ டைம் வாங்கிவிட்டோம், மிச்சம் நாலும் என்னுடையவை.