எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு போய் எல்.எல்.எம்., அதாவது முதுநிலைச் சட்டம், படிக்க நினைக்கும் இளைஞர்களிடம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கும். "சார், இதில் எது நல்ல யூனிவர்சிட்டி?" என்பார்கள். பட்டியலை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நான் ஒன்று கேட்பேன்: படிப்பு முடிந்ததும் எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள்?

பலர் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லா முடிவும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும். மருத்துவருக்கு எந்த நாட்டிலும் எலும்பு எலும்புதான். சட்டம் அப்படியில்லை, எல்லை தாண்டினால் மாறிவிடும். அதனால்தான் பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமம் வேறு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓராண்டு எல்.எல்.எம். முடித்துவிட்டால் சொலிசிட்டர், அதாவது அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர், ஆகிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தனித் தேர்வு இருக்கிறது. எல்.எல்.எம். அந்தத் தேர்வுக்குக் கட்டாயம் இல்லை, அதற்கு ஈடாகவும் ஆகாது. கனடாவிலும் இதே கதைதான். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை என்.சி.ஏ. என்ற குழு மதிப்பிட்டு, இன்னின்ன பாடங்களில் தேற வேண்டும் என்று சொல்லும். அந்தப் பாடங்களை உள்ளடக்கிய எல்.எல்.எம். சில உண்டு. ஆய்வுக்கான எல்.எல்.எம். இந்த வகையில் உதவாது.

நியூயார்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் குறிவைப்பது அதைத்தான். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபுள்ள, அதாவது முந்தைய தீர்ப்புகளையும் சட்டமாகக் கொள்ளும், நாட்டில் குறைந்தது மூன்றாண்டு முழுநேரமாகச் சட்டம் படித்தவர், நிபந்தனைகள் பொருந்தினால், எல்.எல்.எம். இல்லாமலே அங்கே பார் தேர்வு, அதாவது வழக்கறிஞர் உரிமத் தேர்வு, எழுத முடியும். இது தெரியாமல் கடன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். படித்த கால அளவிலோ, பொதுச்சட்டம் சார்ந்ததா என்ற பாடத்தின் தன்மையிலோ குறை இருந்தால், இரண்டில் ஒன்றை மட்டும் எல்.எல்.எம். ஈடுகட்டும். இரண்டிலுமே குறை என்றால் ஈடுகட்டாது.

எந்த எல்.எல்.எம்.மும் போதுமா? போதாது. குறைந்தது 24 கிரெடிட், அதாவது பாட அளவைக் கணக்கிடும் புள்ளி, வேண்டும். அதில் தொழில் நெறிக்கு 2, சட்ட ஆய்வுக்கும் எழுத்துக்கும் 2, அமெரிக்கச் சட்ட முறைக்கு 2, பார் தேர்வில் வரும் பாடங்களுக்கு 6. ஒருவர் ஆசைப்பட்டு முழுக்க முழுக்கச் சர்வதேச மனித உரிமைப் பாடங்களாகவே எடுத்தால், அருமையாகப் படித்திருப்பார், பட்டமும் வாங்கியிருப்பார், தேர்வு எழுதத் தகுதி மட்டும் இருக்காது. திரும்பவும் சொல்கிறேன், பட்டம் வேறு, உரிமம் வேறு.

தாய்நாடு திரும்பிப் பேராசிரியராக வேண்டும், அல்லது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறு தீர்க்கும் நடுவர் தீர்ப்புத் துறையில் ஆழமாகப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்களுக்குப் பாடமும் ஆசிரியரும்தான் முக்கியம். விண்வெளிச் சட்டம் என்றால் நெதர்லாந்தின் லைடனும் கனடாவின் மெக்கிலும், சர்வதேச நடுவர் தீர்ப்பு என்றால் லண்டன் குயின் மேரி என்று ஒவ்வொரு துறைக்கும் தனி ஊற்றுகள் உண்டு. பொதுத் தரவரிசையில் இது தெரியாது. அமெரிக்காவில் எல்லோரும் காட்டும் சட்டக் கல்லூரிப் பட்டியல், அந்நாட்டு மாணவர்கள் படிக்கும் மூன்றாண்டு ஜே.டி. படிப்பை வைத்துப் போட்டது. எல்.எல்.எம். வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை அது அளப்பதே இல்லை. 2022-இல் யேலும் ஹார்வர்டும் அந்தத் தரவரிசைக்கு விவரம் கொடுக்கப்போவதில்லை என்று விலகிக்கொண்டன. நாம் இன்னும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் வழக்கறிஞர். கப்பல் சட்டத்தில் அப்படியொரு ஈடுபாடு. ஒரு பேராசிரியரின் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து, ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். அவரிடம் படிக்கவே அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். இடம் கிடைத்தது, பணம் கட்டினார், போய்ச் சேர்ந்தார். முதல் வாரம் கால அட்டவணை வந்தது. பேராசிரியர் பெயரே இல்லை. ஓராண்டு ஆய்வு விடுப்பு! அந்தப் பாடமே அந்த ஆண்டு நடக்கவில்லை. கையேட்டில் இருக்கும் பாடங்கள் எல்லாம் ஆண்டுதோறும் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஓராண்டுப் படிப்பில் 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது கிடையாது.

அன்றிலிருந்து எல்லோரையும் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறேன். பேனா பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், சேர்க்கை அலுவலகத்துக்கு: நான் சேரும் ஆண்டில் இந்தப் பாடம் நடக்கிறதா? யார் நடத்துகிறார்? எல்.எல்.எம். மாணவர்களுக்கு அதில் இடம் ஒதுக்கீடு உண்டா, ஜே.டி. மாணவர்களோடு போட்டி போட வேண்டுமா? சென்ற ஆண்டு படித்த இருவரோடு பேச வழி செய்வீர்களா? நேர்மையான கல்லூரி பதில் போடும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

நேரம் குறைவாக இருப்பதால் உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு ஈராண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்தபின் குறைந்தது ஈராண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையிலும் பொதுவாக இதே போன்ற ஈராண்டு விதி உண்டு. அங்கேயே தங்கி உரிமம் பெற நினைப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இதை யோசிக்க வேண்டும். செவனிங் விண்ணப்பம் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே மூடிவிடும். கடைசியாக ஒன்று: நியூயார்க் தேர்வு வாரியத்துக்கு உங்கள் மதிப்பெண் சான்று நீங்கள் முதலில் சட்டம் படித்த பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாகப் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், விமானம் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வணக்கம்.